17 பச்சை டிக், ஒரு சறுக்கல்: நலிவுற்ற மூதாட்டிக்குச் செயலிவழி உடற்பயிற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் அவர் இரண்டு முறை முன்னும் பின்னும் ஆடினார். மூன்றாவது ஆட்டத்தில் இரு கைகளையும் கைப்பிடியில் அழுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தார். எழுந்ததும் உடனே நடக்கவில்லை. மேசை விளிம்பைத் தொட்டபடி ஒரு நிமிடம் நின்றார். "எழுந்துட்டேன் பாருங்க தம்பி" என்று சிரித்தார். கை ஊன்றாமல் எழ முடியுமா என்று கேட்டேன். முயன்றார். உடல் இருக்கையை விட்டு ஓர் அங்குலம்கூட உயரவில்லை.

அவருக்கு வயது 79. பெயர் வேண்டாம், பாட்டி என்றே குறிப்பிடுகிறேன். தனியாக வசிப்பவர். மகள் வேறு ஊரில். நிமோனியா காய்ச்சலுக்காக ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பி ஐந்து வாரம் ஆகியிருந்தது. நுரையீரல் தேறிவிட்டது, கால்கள் தேறவில்லை. இதில் வியப்பில்லை. ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் இருக்கச் செய்து பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை கரைந்திருந்தது. பாட்டி காய்ச்சலோடு, சரியாகச் சாப்பிடாமல் படுத்திருந்தவர்.

முதல் நாள் அளவுகள்

நலிவு என்பதை முதுமைக்கு இன்னொரு பெயராக நினைத்துவிடுகிறோம். 2001இல் லிண்டா ஃப்ரைடும் உடன் ஆய்வாளர்களும் அதற்கு ஐந்து அடையாளங்கள் வகுத்தார்கள்: முயலாமலே எடை குறைவது, ஓயாத சோர்வு, கைப்பிடி வலு குறைவது, நடை மந்தமாவது, உடலுழைப்பு குறைவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவின் வாசல். பாட்டிக்கு நான்கு இருந்தன. ஒரே ஆண்டில் 52 கிலோவிலிருந்து 46க்கு வந்திருந்தார். கைப்பிடி வலு 13 கிலோ. பெண்களுக்கு 16க்குக் கீழ் போனால் தசை வலு குறைவு என்பது 2019இல் ஐரோப்பிய நிபுணர் குழு வைத்த எல்லை. ஐந்தாவதான உடலுழைப்பை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டு வேலையை யாரிடமும் விடாத பிடிவாதக்காரர் அவர்.

அடுத்து நிலைத்தன்மை, நடை, எழுந்து உட்காருதல் ஆகிய மூன்றையும் சேர்த்து 12 மதிப்பெண்ணுக்கு அளக்கும் சோதனை. 1994இல் குரால்னிக் குழுவினர் வெளியிட்ட இந்தச் சோதனைக்கு நாற்காலியும், நான்கு மீட்டர் தரையும், ஸ்டாப்வாட்ச்சும் போதும். பாதங்களை ஒட்டி வைத்து பத்து விநாடி நின்றார். ஒரு குதிகாலை மற்ற பாதத்தின் பெருவிரல் பக்கத்தில் வைத்தும் நின்றார். ஒன்றன் நேர் முன்னால் ஒன்றை வைத்தபோது இரண்டே விநாடியில் என் தோளைப் பிடித்துவிட்டார். நான்கு மீட்டர் நடக்க 7.4 விநாடி, அதாவது விநாடிக்கு 0.54 மீட்டர். கை ஊன்றாமல் எழ முடியாததால் அந்தப் பகுதிக்குப் பூஜ்யம். மொத்தம் 4.

படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்த்தேன், பெரிய இறக்கம் இல்லை. மூன்று சொற்களை நினைவில் வைத்துச் சொல்லும், கடிகாரம் வரையும் சோதனையில் ஐந்துக்கு நான்கு. நிலையற்ற இதயநோயும் நெஞ்சுவலியும் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். இவை சரியாக இல்லாதவரிடம் செல்போனைக் கொடுத்து "பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏன் செயலி?

காரணம் எளியது. வாரத்துக்கு மூன்று முறை நேரில் வர என்னால் ஆகாது, அவராலும் வெளியே வர ஆகாது. ஆனால் தசைக்குத் தேவைப்படுவது அந்த மூன்று முறைதான். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் நிலைத்தன்மையும் வலுவும் சேர்ந்த பயிற்சியை வாரம் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி.

"இந்த வயசுல தசை வளருமா?" என்று மகள் போனில் கேட்டார். நியாயமான கேள்வி. 1990இல் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் பத்து முதியோர் இல்லவாசிகளுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சராசரி வயது 90. எட்டு வாரம் முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. வளரும். சுமை இருக்க வேண்டும், அது படிப்படியாக ஏற வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த ஆய்வில் பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தார். பாட்டியின் வீட்டில் அந்த இடத்தில் உட்காரப்போவது ஒரு கைபேசி. எனக்கு இருந்த கவலை அதுதான், அதை அப்போதே இன்னும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்த செயலி முதியோருக்கென்றே செய்யப்பட்டது. பெயர் தேவையில்லை, இங்கே சொல்லப்போகும் கோளாறுகளில் பெரும்பாலானவை அதற்கு மட்டும் உரியவையும் அல்ல. வாரம் ஆறு நாள், நாளுக்கு நான்கு பயிற்சி: எழுந்து உட்காருதல், பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துதல், ஒரு பாதத்தின் முன் மறு பாதம் வைத்து நிற்றல், வீட்டுக்குள் நடை. ஒவ்வொன்றுக்கும் வீடியோ உண்டு. முடித்ததும் "முடிந்தது" என்ற பொத்தானை அமுக்கினால் பச்சை டிக் விழும். ஐந்து நாள் தொடர்ந்து டிக் விழுந்தால் அடுத்த நிலைக்குச் செயலியே ஏற்றிவிடும். இரவு எட்டு மணிக்குள் டிக் விழாவிட்டால் குடும்பத்தில் ஒருவருக்குத் தகவல் போகும். மகளின் எண்ணைக் கொடுத்தோம். அப்போது அது நல்ல யோசனையாகத் தெரிந்தது.

முதல் மூன்று வாரம்

முதல் நாள் உடனிருந்து எல்லாவற்றையும் செய்ய வைத்தேன். பிறகு என் திரையில் தினமும் பச்சை வட்டம். 18 நாளில் 17 டிக். இத்தனை ஒழுங்காகச் செய்யும் நோயாளி எனக்கு அபூர்வம். அந்த மகிழ்ச்சியில் இரண்டாம் வாரம் போட்டிருக்க வேண்டிய போனை நான் போடவில்லை. "நன்றாகத்தானே போகிறது" என்று அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டேன். இந்த நிகழ்வில் என் கணக்கில் எழுத வேண்டிய தவறு இது.

மூன்றாம் வாரக் கடைசியில் மகள் ஊரிலிருந்து வந்தார். அவருக்குச் செய்து காட்ட ஆசைப்பட்டுப் பாட்டி செயலியைத் திறந்தார். அன்றைய பயிற்சி மூன்றாம் நிலை: கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு எழ வேண்டும். வீடியோவில் வருபவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். கைப்பிடியில்லாத நாற்காலியில் இருந்து வில் போல் எழுகிறார். பாட்டியும் கைப்பிடியில்லாத, எடை குறைந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வழவழப்பான தரை. எழ முயன்று பாதியில் திரும்ப உட்காரப் போனபோது நாற்காலி பின்னால் வழுக்கிவிட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டார். எலும்பு முறிவு இல்லை, எக்ஸ்ரேயில் பார்த்தாயிற்று. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. அதைவிட மோசம், அடுத்த ஒரு வாரம் கட்டிலை விட்டு இறங்கவே பயந்தார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ரத்த அழுத்தத்தைத் திரும்ப அளந்தேன், எழுந்து நின்றபோது இறங்கவில்லை. ரத்த அழுத்தத்தின்மேல் பழிபோட வழியில்லை. 17 நாள் பயிற்சி செய்தவர் கை ஊன்றாமல் எழ முடியாமல் எப்படி இருக்கிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அப்போதுதான், அதற்கு முன் ஒருமுறைகூடத் திறக்காத விவரப் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு நாளும் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் அங்கே இருந்தன. 17 பதிவுகளில் 16 ஒரு நிமிடத்துக்கும் குறைவு. காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஏழு மணி ஐம்பது விநாடிக்கெல்லாம் முடிந்திருக்கிறது. ஒன்று மட்டும் 24 நிமிடம். நான் உடனிருந்த முதல் நாள்.

கேட்டேன். மறைக்கவில்லை.

"எட்டு மணி தாண்டினா அவளுக்கு மணி அடிக்குது தம்பி. வேலை நடுவுல பதறிப்போய், ஏம்மா பண்ணலை, உடம்பு முடியலையான்னு போன் பண்றா. அவளை எதுக்கு அலைக்கழிக்கணும்? அதான் காலையிலேயே எல்லாத்தையும் அமுக்கி வெச்சிடுவேன்."

"செய்ய முடியலைன்னு எனக்குச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"முடியலைன்னு அமுக்க அதுல பொத்தானே இல்லையே."

இல்லைதான். "முடிந்தது" என்ற பொத்தானும், "பிறகு" என்ற பொத்தானும் மட்டுமே. "பிறகு" என்று அமுக்கினால் இரவு மகளுக்கு மணி அடிக்கும். செயலிக்குத் தெரிந்த ஒரே உண்மை பாட்டியின் விரல். மகளைக் காக்க அவர் சொன்ன பொய்யை நம்பி, இரண்டு படி ஏற்றி, கை ஊன்றாமல் எழச் சொன்னது. செயலியின் நினைவூட்டல் வேலை செய்தது, படியேற்றம் வேலை செய்தது, குடும்பத்துக்குத் தகவலும் வேலை செய்தது. மூன்றும் சரியாக வேலை செய்ததால்தான் அவர் தரையில் உட்கார்ந்தார்.

மாற்றியவை

செயலியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் எனக்கு வேறு வழியும் இல்லை, பாட்டிக்கும் அதன்மேல் கோபமில்லை. எனவே அதே செயலியில் மாற்றக்கூடியதை மாற்றினோம், முடியாததை வெளியே வைத்துக்கொண்டோம்.

முதலில் மகளுக்குப் போகும் தகவலை நிறுத்தினேன். மகளுக்கு இது பிடிக்கவில்லை. "அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமே கேளுங்கள், பயிற்சியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள் என்றேன். இரண்டாவது, தானாக நிலை ஏறுவதைப் பூட்டினேன். அந்தச் சாவி என்னிடம். மூன்றாவது மாற்றத்துக்குத்தான் அதிகப் பலன் கிடைத்தது என்று நினைக்கிறேன். அந்தச் செயலியில் பயிற்சியாளர் சொந்தமாக ஒரு கேள்வி சேர்க்க இடம் இருந்தது. "செய்தீர்களா?" என்பதை விட்டுவிட்டு, "இன்று எத்தனை முறை எழுந்தீர்கள்?" என்று சேர்த்தேன். விடை 0 முதல் 10 வரை. பூஜ்யத்தை மற்ற எண்களைப் போலவே அதே நிறத்தில், அதே அளவில் வைத்தேன். பூஜ்யம் அமுக்கினால் யாருக்கும் மணி அடிக்காது என்று மூன்று முறை சொல்லி, மூன்று முறை அமுக்கிக் காட்டினேன்.

களைப்பை அளக்க பூஜ்யம் முதல் பத்து வரை போர்க் அளவுகோல் உண்டு. பாட்டிக்கு அது ஒத்துவரவில்லை. எதைக் கேட்டாலும் ஐந்து என்றார், மரியாதைக்கு. எனவே பேச்சையே அளவாக்கினோம்: பயிற்சி முடிந்த உடன் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, நடுவில் மூச்சு வாங்குகிறதா, பேசவே முடியவில்லையா.

இனி விரலும் காதும். வயதானவர் செயலி பயன்படுத்த மாட்டார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பாட்டி அமுக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தத் திரை அழுத்தத்தை உணர்வதில்லை, விரல் தொடும்போது ஏற்படும் மின்புல மாற்றத்தை உணர்கிறது. அவர் விரல் நுனி காய்ந்து சுருங்கியிருந்ததால் முதல் தொடுதல் பதியவில்லை. பதியவில்லையே என்று இன்னும் அழுத்தி, இன்னும் நேரம் வைத்திருந்தார். செயலி அதை "நீண்ட அழுத்தம்" என்று எடுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத ஒரு பட்டியலைத் திறந்தது. "நான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்" என்று கையை இழுத்துக்கொண்டார். தப்பு அவருடையதல்ல. முனையில் மெத்தென்ற ரப்பர் வைத்த தொடுதிரைப் பேனா ஒன்று வாங்கிக் கொடுத்ததும் அந்தச் சிக்கல் அன்றே தீர்ந்தது.

செயலியின் குரல் கீச்சென்று இருந்தது. முதுமையில் காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதியைத்தான். ஒலியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடியது. என் குரலில், தாழ்ந்த சுருதியில், மெதுவாகப் பதிவு செய்து கொடுத்தேன்: "பாதத்தைப் பின்னால் இழுங்க. மூக்கு முட்டிக்கு மேல வரணும். இப்ப எழுங்க." செயலியின் வீடியோவை ஊமையாக்கிவிட்டு இந்தப் பதிவை ஓடவிட்டார். "நீங்க எழுங்கன்னு சொல்றப்ப உட்கார்ந்துகிட்டே இருக்கச் சங்கடமா இருக்கு" என்றார் பிறகு ஒரு நாள்.

பயிற்சியையும் அடியிலிருந்து தொடங்கினோம். கனமான, கைப்பிடியுள்ள நாற்காலி. நாற்காலியின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். இருக்கை உயரம் 45 செ.மீ. அதன்மேல் அசையாதபடி இரண்டு பலகைகளைப் பொருத்தி 53 ஆக்கினேன். இருக்கை உயர உயர முழங்காலுக்குச் சுமை குறையும். பலகையை எடுக்க எடுக்கச் சுமை ஏறும். வாரம் ஆறு நாள் என்பதை மூன்றாகக் குறைத்தேன். திங்களும் வியாழனும் பத்து நிமிடம் வீடியோ அழைப்பில் நானே பார்த்தேன். 46 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 46 முதல் 55 கிராம் வரை புரதம் என்று உணவு ஆலோசகர் ஒரு பட்டியல் கொடுத்தார். உடலில் கட்டப் பொருள் இல்லாமல் பயிற்சி மட்டும் செய்து பயனில்லை.

நடைக்கு ஒரு சொல். செயலி அன்றாடம் எத்தனை அடி என்று காட்டியது, ஓரத்தில் 10,000 என்ற இலக்கோடு. பாட்டி இடுப்புப் பையில் போனை வைத்துக்கொண்டு கைத்தடியோடு நடக்க, நான் எண்ணினேன். 200 அடிக்கு அது காட்டியது 83. மெதுவாக, பாதத்தை அதிகம் தூக்காமல் நடப்பவரின் அசைவு, கருவி எதிர்பார்க்கும் அளவுக்கு இருப்பதில்லை. அந்த 10,000 என்பதும் மருத்துவ ஆய்வில் பிறந்த எண் அல்ல, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடையளவியின் பெயர் அது. சராசரி 72 வயதான 16,741 பெண்களைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்து காணப்பட்டது. அடிக் கணக்கை அணைத்துவிட்டு, வாசல் வரை எத்தனை தடவை போய் வந்தார் என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த பன்னிரண்டு வாரம்

முதல் வாரம் பூஜ்யம், பூஜ்யம், இரண்டு. எனக்கு அந்தப் பூஜ்யங்களைப் பார்த்ததும் நிம்மதி. ஐந்தாம் வாரத்தில் பூஜ்யங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழுவதைக் கவனித்தேன்: காலை ஏழு மணி. கேட்டால், எழுந்ததும் முட்டி பிடித்துக்கொள்கிறது, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது என்றார். பயிற்சியைப் பதினொன்றுக்கு மாற்றினோம். இதை அவர் வாயால் சொல்லியிருக்க மாட்டார், நானும் கேட்டிருக்க மாட்டேன். இந்த இடத்தில் செயலிக்கு என் நன்றி.

திட்டமிட்ட 36 முறையில் 27 முறை செய்தார். நான்கில் மூன்று. முதல் மூன்று வாரத்தின் "18இல் 17" என்ற கணக்கோடு ஒப்பிட்டால் கீழே போனதாகத்தான் காகிதம் காட்டும். பதிவுகளின் நீளம் 15 நிமிடத்துக்கும் 26 நிமிடத்துக்கும் இடையில்.

பன்னிரண்டாம் வார முடிவில் திரும்ப அளந்தேன். நேர் முன்பின்னாகப் பாதம் வைத்து ஐந்து விநாடி நின்றார். நான்கு மீட்டருக்கு 5.9 விநாடி, விநாடிக்கு 0.68 மீட்டர். பலகை இல்லாத சாதாரண நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழ 19 விநாடி. மொத்தம் 7. இந்தச் சோதனையில் ஒரு மதிப்பெண் கூடுவதையே குறிப்பிடத்தக்க மாற்றம் என்பார்கள், நடை வேகத்தில் 0.1 மீட்டர். கைப்பிடி வலு 13இலிருந்து 14.5. எடை 47.5 கிலோ. இன்னும் நலிவின் எல்லைக்குள்தான் இருக்கிறார். விழவில்லை.

இதில் செயலியின் பங்கு எவ்வளவு?

பிரித்துச் சொல்ல இயலாது. நிமோனியாவிலிருந்து உடல் தானாகத் தேறிய பங்கு இருக்கிறது, புரதம் இருக்கிறது, வாரம் இருமுறை என் முகம் திரையில் தெரிந்ததும் இருக்கிறது. ஒருவரை வைத்து ஊருக்குச் சட்டம் எழுத முடியாது. பெரிய ஆய்வுகள் கொஞ்சம் தெளிவு தருகின்றன. ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட 503 பேர் இரண்டாண்டு பங்கேற்ற "ஸ்டேண்டிங்டால்" ஆய்வு 2021இல் வெளியானது. டேப்லெட்டில் பார்த்து வீட்டிலேயே வாரம் இரண்டு மணி நேரம் வரை நிலைத்தன்மைப் பயிற்சி. முதல் ஆண்டு முடிவில் விழும் விகிதத்தில் பயிற்சி செய்த குழுவுக்கும் செய்யாத குழுவுக்கும் உறுதியான வேறுபாடில்லை. இரண்டாண்டு முடிவில் 16 சதவீதம் குறைவு. திரை உதவும், ஆனால் பொறுமை கேட்கும் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். அங்கே பங்கேற்றவர்கள் பாட்டியைவிட நல்ல நடமாட்டம் உள்ளவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்பெயினில் உருவான "விவிஃப்ரெய்ல்" திட்டத்துக்கும் ஒரு செயலி உண்டு. அதில் எனக்குப் பிடித்தது, முதலில் அதே 12 மதிப்பெண் சோதனையையும் விழும் அபாயத்தையும் பார்த்துவிட்டு, அதற்கேற்ற பயிற்சித் தாளைக் கொடுப்பது. படியேற்றத்துக்கு அடிப்படை உடலின் அளவாக இருக்கிறது. பாட்டிக்கு வாய்த்த செயலியில் அது பொத்தானாக இருந்தது.

செயலி எழுதும் நண்பர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். நான்கு பயிற்சியும் ஐம்பது விநாடியில் முடிந்தால் டிக் போடாதீர்கள், "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அந்த விநாடிக் கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எனக்குக் காட்டும் பச்சை வட்டத்துக்குப் பக்கத்திலேயே அதையும் காட்டுங்கள். என்னைப் போன்ற சோம்பேறிகள் விவரப் பக்கத்தைத் திறப்பதில்லை.

இப்போது வீடியோ அழைப்பை இரு வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்திருக்கிறேன். இரண்டு கால்களிலும் அரைக் கிலோ எடைப்பட்டை கட்டிப் பயிற்சி நடக்கிறது. போன வாரம் செயலி வழியாக ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் நாற்காலி முனகும் சத்தம், நீண்ட மூச்சு, பிறகு பாட்டி: "தம்பி, அந்தப் பட்டையோட, கை வெக்காம எழுந்தேன். ரெண்டு தடவை வந்துச்சு. மூணாவது வரலை." பதிவைத் திறந்து பார்த்தேன். நேரம் 18 நிமிடம். எத்தனை முறை என்ற இடத்தில் 2.